போன் நம்பர், பிறந்த தேதி, கைரேகை: கொங்கு வீடுகளுக்கான இணையத் தனியுரிமை வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் ஒருவரின் சொந்த விவரம் வெளியே போவது பெரும்பாலும் நம் கையாலேயே நடக்கிறது. ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆதார் அனுப்புகிறோம். வரன் குரூப்பில் பையனின் ஜாதகத்தைப் போடுகிறோம். துணிக்கடை பில் கவுன்டரில் பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பேங்க், சிம், பான், ஆதார் எல்லாமே நான்கே நான்கு விஷயங்களை வைத்துத்தான் நம்மை அடையாளம் காண்கின்றன: போன் நம்பர், ஈமெயில், பிறந்த தேதி, ஆதாரும் அதோடு சேர்ந்த கைரேகையும். இவை ஒரே ஆள் கையில் சேர்ந்தால்தான் ஆபத்து. அவற்றைச் சேரவிடாமல் பிரித்து வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது. போன் நம்பர், வாட்ஸ்அப், கூகுள், ஆதார் பூட்டு ஆகியவற்றை முதலில் முடியுங்கள். மற்றவற்றுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

போன் நம்பரை இரண்டாகப் பிரியுங்கள்

பேங்க், ஆதார், பான், டீமேட் ஆகியவற்றில் பதிந்திருக்கும் நம்பர் விசிட்டிங் கார்டிலோ, கடை போர்டிலோ, ஜாதகத்திலோ, கொரியர் பார்சலிலோ இருக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய நம்பரை மாற்ற வேண்டாம், அது வியாபாரத்துக்கும் உறவுக்கும் அப்படியே இருக்கட்டும். புதிதாக ஒரு சிம் வாங்கி, பேங்க் வேலைகளை அதற்கு மாற்றுங்கள். எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பது முக்கியம். முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் நம்பரை மாற்றுங்கள். அது பதிவான பிறகு பேங்க் கிளைக்குப் போங்கள். அதற்குப் பின் பான், இபிஎஃப், மியூச்சுவல் ஃபண்ட். ஆதாரில் பழைய நம்பர் இருக்கும்போதே மற்ற இடங்களில் மாற்ற ஆரம்பித்தால், ஆதார் ஓடிபி கேட்கும் இடத்திலெல்லாம் அது பழைய நம்பருக்கே போகும்.

புதிய சிம் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை:

1. சிம்முக்கு பின் வையுங்கள். செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் சிம் லாக் என்று இருக்கும். ஏற்கெனவே ஒரு பின் கேட்கும். அந்தத் தொடக்க எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கஸ்டமர் கேரில் கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள். குத்துமதிப்பாகப் போட்டால் 3 தப்புக்கு மேல் பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும், பியூகேவை 10 தடவை தப்பாகப் போட்டால் சிம் செத்துவிடும். இந்தப் பின் இல்லாவிட்டால், போனைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டதுமே உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். உங்கள் போனுக்கு எவ்வளவு கடினமான ஸ்கிரீன் லாக் வைத்திருந்தாலும் அங்கே உதவாது.

2. *#21# டயல் செய்து பாருங்கள். உங்கள் அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பி விடப்பட்டிருக்கின்றனவா என்று காட்டும். தெரியாத நம்பர் இருந்தால் ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். மிஸ்டு கால் அலர்ட் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து போகலாம், பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். 'கொரியர் வந்திருக்கு, இந்த நம்பரை டயல் பண்ணுங்க' என்று சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எதையாவது டயல் செய்யச் சொன்னால் அது இந்தத் திருப்பலைப் போடத்தான்.

3. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ ஆப்பிலோ உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரில் 9 வரை அனுமதி உண்டு. நீங்கள் வாங்காதது பட்டியலில் இருந்தால் 'நாட் மை நம்பர்' என்று குறித்து அனுப்புங்கள். ரோட்டோரக் குடையின் கீழ் சிம் வாங்கியபோது 'கைரேகை சரியா விழலீங்க, இன்னொருக்கா வைங்க' என்று சொல்லி இரண்டு சிம் எடுக்கும் வேலை இங்கேதான் பிடிபடும்.

பழைய நம்பரைக் கைவிடுவதாக இருந்தால் ரீசார்ஜ் செய்யாமல் அப்படியே விட்டுவிடாதீர்கள். துண்டித்து 90 நாள் கழிந்ததும் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் பேங்க் அதிலேயே இருந்தால் மெசேஜ் எல்லாம் அவருக்குப் போகும்.

கோவை கிராஸ்கட் ரோடு கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் பில் போட நம்பர் கேட்பது பழக்கமாகிவிட்டது. நம்பர் தராவிட்டால் பில் தர மாட்டோம் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. 'நம்பர் வேண்டாமுங்க, அப்படியே பில் போடுங்க' என்றால் போதும். பாயின்ட் சேர்க்க ஆசை இருந்தால் ஊருக்குத் தெரிந்த நம்பரையே கொடுங்கள்.

ஜிபே, போன்பேயிலும் ஒரு ஓட்டை உண்டு. உங்கள் நம்பரைப் போட்டால் பேங்கில் பதிவான முழுப் பெயரும் எதிராளிக்குத் தெரியும். யுபிஐ ஐடியே போன் நம்பராக இருந்தால் பணம் அனுப்பிய எல்லோரிடமும் நம்பர் தங்கிவிடும். ஆப்பின் புரொஃபைலில் பேங்க் கணக்கைத் தொட்டால் நம்பர் இல்லாத இன்னொரு யுபிஐ ஐடி உருவாக்கிக்கொள்ள வழி இருக்கிறது. சந்தையிலோ ஆன்லைனிலோ பழைய சாமான் விற்கும்போது அதைக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பும் கூகுளும்

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் 6 இலக்கப் பின் வையுங்கள். பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள். அங்கேயே ஈமெயிலையும் சேர்த்துவிடுங்கள். ஈமெயில் இல்லாமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அடுத்து லிங்க்டு டிவைசஸ் பாருங்கள். பிரௌசிங் சென்டரில் பிரின்ட் எடுக்கத் திறந்த வாட்ஸ்அப் வெப் மூடாமல் கிடப்பது மிகச் சாதாரணம். அதுவரை உங்கள் குடும்ப குரூப் முழுவதும் அந்தக் கடைத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத கணினி இருந்தால் தொட்டு லாக் அவுட் கொடுங்கள்.

பிரைவசி பகுதியில் மூன்றை மாற்றினால் போதும். புரொஃபைல் போட்டோ 'மை கான்டாக்ட்ஸ்'. குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதும் 'மை கான்டாக்ட்ஸ்'. தெரியாத நம்பர் அழைப்புகளைச் சத்தமில்லாமல் வைக்கும் வசதி ஆன். குரூப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று விட்டிருப்பதால்தான் ஷேர் மார்க்கெட் 'டிப்ஸ்' குரூப்புகளில் நம்மைக் கேட்காமலே இழுத்துப் போடுகிறார்கள்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவருக்கு கூகுள் கணக்குதான் தலைவாசல். கான்டாக்ட், போட்டோ, சேமித்த பாஸ்வேர்டு, போன் இருக்கும் இடம் எல்லாமே அதற்குள் இருக்கிறது. செட்டிங்ஸில் கூகுளைத் தொட்டு, செக்யூரிட்டி பக்கத்தில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். அங்கேயே பேக்கப் கோடு 10 தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான் செல்லும். பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால் போன் தொலைந்த அன்று பிரயோஜனமில்லை. 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் விற்றுவிட்ட பழைய போன் இன்னும் இருந்தால் வெளியேற்றுங்கள். டேட்டா அண்ட் பிரைவசியில் வெப் ஹிஸ்டரி, டைம்லைன், யூடியூப் ஹிஸ்டரி மூன்றையும் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் அறிவுரை சுருக்கமானதுதான். ஈமெயிலுக்கும் பேங்குக்கும் வேறு எங்கும் பயன்படுத்தாத நீண்ட பாஸ்வேர்டு வையுங்கள். சம்பந்தமில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் மறக்காது. ஊர் பெயர், குலதெய்வம், பிள்ளை பெயர் வேண்டாம். நூறு கணக்கு இருக்கிறது என்றால் பிட்வார்டன் மாதிரி பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கும். வயதானவர்கள் நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டோம். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். உங்கள் ஈமெயில் எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க ஹேவ் ஐ பீன் போன்ட் தளம் இருக்கிறது. ஏதாவது தளத்தின் பெயர் வந்தால் அந்தத் தளத்தின் பாஸ்வேர்டையும், அதையே வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்றுங்கள்.

ஆதார்: மறைத்துக் கொடுங்கள், பூட்டி வையுங்கள்

மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் ஆதார் டவுன்லோடு செய்யும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். லாட்ஜ், ஹாஸ்டல், வாடகை வீடு, ஜிம், தொழிற்சாலை கேட் பாஸ் எல்லாவற்றுக்கும் இதைக் கொடுங்கள். 'முழு நம்பர் தெரியற மாதிரி வேணுமுங்க' என்று சொல்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பழக்கத்தால் கேட்பார்கள். ஆதாரைத் தந்தே ஆக வேண்டும் என்று தனியார் கட்டாயப்படுத்த வழிசெய்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே செல்லாது என்று சொல்லிவிட்டது. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுக்கலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று. டவுன்லோடு செய்த இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, ஆதாரில் உள்ள பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த வருடமும்தான். இ-பான் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பிறந்த தேதி, மாதம், வருடம் சேர்ந்த 8 இலக்கம். அதாவது பாஸ்வேர்டு போட்ட ஃபைல்தானே என்று நம்பி அனுப்புவதில் அர்த்தமில்லை. உங்கள் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்த யாரும் திறக்கலாம்.

அடுத்தது கைரேகை. ஊர்ப்பக்கம் மினி பேங்கிலும் சில கடைகளிலும் ஆதார் நம்பரும் கைரேகையும் வைத்தே பணம் எடுக்கலாம், ஓடிபி கேட்காது. வயதானவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பத்திரத்தில் வைத்த ரேகையை நகலெடுத்து இப்படிப் பணம் எடுத்த வழக்குகள் மற்ற மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. பூட்டும் முறை:

1. மைஆதார் தளத்தில் உள்ளே போய் 'லாக், அன்லாக் பயோமெட்ரிக்ஸ்' தொடுங்கள். எம்ஆதார் ஆப்பிலும் இதே வசதி உண்டு.
2. லாக் கொடுத்ததும் கைரேகை, கண் கருவிழி, முகம் மூன்றும் ஆதார் சரிபார்ப்புக்குச் செல்லாது. ஓடிபி மூலம் சரிபார்ப்பது வழக்கம்போல நடக்கும்.
3. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல் வரும். பூட்டியிருப்பதை மறந்து ரேஷன் கடைக்குப் போய் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்றிதழ், புது சிம் எல்லாமே அப்படித்தான். அப்பா அம்மாவுக்குப் பூட்டி வைப்பதாக இருந்தால், ரேஷன் வாங்கும் நாளில் அவர்கள் வரிசையில் நிற்கும்போது நீங்கள் கோவையில் இருந்தே திறந்து விடலாம், ஆனால் ஓடிபி அவர்கள் போனுக்குத்தான் வரும். இந்த ஏற்பாடு உங்கள் வீட்டில் நடக்காது என்றால் பூட்ட வேண்டாம். அதற்குப் பதில் பேங்க் கிளையில் ஆதார் வழிப் பணம் எடுப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

மைஆதாரில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 6 மாதத்தில் எந்த நிறுவனம், எந்த நேரத்தில், விரலாலா ஓடிபியாலா உங்கள் ஆதாரைச் சரிபார்த்தது என்று வரிசையாக வரும். உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் ஆதார் உதவி எண் 1947க்கு அழைத்துக் கேளுங்கள்.

ஜெராக்ஸ் கடையில்

கடை போர்டில் இருக்கும் நம்பருக்கு ஆதாரை அனுப்பினால் அது மூன்று இடத்தில் தங்கும்: கடைக்காரரின் போன், கணினியில் திறந்திருக்கும் வாட்ஸ்அப், கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். சுமார் இரண்டு நாளுக்குள் நீங்கள் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும் டவுன்லோட்ஸில் இறங்கியது அழியாது. பிரின்ட் கைக்கு வந்ததும், காசு கொடுக்கும் முன்னால், 'ஏனுங்கண்ணா, அந்த ஃபைலை இப்பவே அழிச்சிருங்க' என்று சொல்லி, டவுன்லோட்ஸில் ஷிப்ட் விசையோடு டெலீட் அழுத்துவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடிக்கடி பிரின்ட் தேவைப்படும் வீட்டில் மாஸ்க்டு ஆதாரைப் பத்துப் பிரதி எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

கொடுக்கும் ஒவ்வொரு ஜெராக்ஸின் மேலும் பேனாவால் குறுக்கே எழுதுங்கள்: எதற்காக, யாருக்கு, என்ன தேதி. எழுத்து போட்டோவின் ஓரத்தையும் பெயரையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். காலி இடத்தில் எழுதினால் வெள்ளைத்தாள் வைத்து மறைத்து இன்னொரு ஜெராக்ஸ் எடுத்துவிடலாம்.

ஜாதகமும் பயோடேட்டாவும்

கொங்கு வீடுகளில் ஒருவரைப் பற்றிய விவரம் மொத்தமும் ஒரே தாளில் சேர்வது வரன் பார்க்கும் காலத்தில்தான். சுற்றில் இருக்கும் பயோடேட்டா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர். ராசி, நட்சத்திரம். கூட்டம் (குலப் பிரிவு), குலதெய்வக் கோயில். அப்பா அம்மா பெயர், தொழில். படிப்பு, கம்பெனி, மாதச் சம்பளம். தோட்டம் எத்தனை ஏக்கர், வீடு எத்தனை, வாடகை வரவு எவ்வளவு. கதவு எண்ணோடு முகவரி, இரண்டு போன் நம்பர், முழு உருவப் போட்டோ. வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 1,024 பேர் வரை இருக்கலாம். அங்கிருந்து அடுத்த குரூப்புக்கு ஃபார்வர்டு ஆனால் கணக்கே கிடையாது, கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்தத் தாள் சுற்றும்.

கஸ்டமர் கேரில் அடையாளம் சரிபார்க்கக் கேட்பது பிறந்த தேதி, அம்மா பெயர், முகவரி. பிடிஎஃப் பாஸ்வேர்டு பெயரும் பிறந்த தேதியும். எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது, எவ்வளவு சொத்து இருக்கிறது என்ற தகவலோடு சேர்த்து.

கூட்டம் பார்க்காமல், நட்சத்திரம் பார்க்காமல் பேச்சு நகராது என்பது நியாயம்தான். அதனால் தாளை இரண்டாக்குங்கள்.

குரூப்பிலும் தரகரிடமும் போகும் முதல் தாளில் வயது, உயரம், கூட்டம், ராசி, நட்சத்திரம், லக்னம், படிப்பு, தொழில் வகை, தாலுகா அளவில் ஊர், ஊருக்குத் தெரிந்த அந்தப் பொது நம்பர். அவ்வளவு போதும். பொருத்தம் பார்க்கக் கட்டம் கேட்டால் ராசிக் கட்டமும் அம்சக் கட்டமும் தசை இருப்பும் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். கணினியில் கணித்த ஜாதகத்தின் முதல் பக்கத்திலேயே பெயர், பிறந்த தேதி, நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும், அந்தப் பக்கத்தை அனுப்பாதீர்கள். கிரக நிலையை வைத்து ஜோசியம் தெரிந்தவர் தேதியைக் கண்டுபிடிக்கலாம்தான். மோசடிக்காரர் அந்தச் சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாம் தாள், வரன் வீட்டார் போனில் பேசி, இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்து முடித்த பிறகு. பிறந்த நேரம், பெற்றோர் பெயர், போட்டோ எல்லாம் இதில். சம்பளமும் ஏக்கரும் எழுத்தில் எதற்கு? நேரில் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம். பெண் பிள்ளையின் போட்டோ என்றால், யாருக்கு அனுப்புகிறீர்களோ அவர் பெயரை முகத்துக்குக் கீழே உடை மேல் சின்னதாக எழுதி அனுப்புங்கள். வெளியே போனால் யார் கையிலிருந்து போனது என்று தெரியும். நிச்சயம் முடிந்ததும் தரகரிடமும் குரூப் அட்மினிடமும் அந்தத் தாளை அழிக்கச் சொல்லுங்கள், மேட்ரிமோனி தளத்தில் 'ஹைடு' கொடுத்துவிட்டு விடாமல் கணக்கையே டெலீட் செய்யுங்கள்.

மறைக்க முடியாத விவரங்கள்

சில விவரங்களை நாம் பூட்ட முடியாது. பட்டா எண்ணோ சர்வே எண்ணோ தெரிந்தால் பட்டாவில் யார் பெயர் என்பது அரசின் இ-சேவைத் தளத்தில் தெரியும். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வாக்காளர் பட்டியலில் வயது, கதவு எண், உறவினர் பெயர். ஜிஎஸ்டி எண் போட்டால் நிறுவனத்தின் பெயரும் முகவரியும். ஆகவே ஒருவர் போனில் உங்கள் சர்வே எண்ணையோ அப்பா பெயரையோ சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் அவர் தாசில்தார் ஆபீஸோ மின்வாரியமோ ஆகிவிட மாட்டார். 'எங்க விவரம் எல்லாம் கரெக்டா சொன்னாருங்க' என்பதுதான் பணம் இழந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை. வீட்டுப் பெரியவர்களுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். பேங்கிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கென்றே 1600ல் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து 'பேங்க்' பேசினால் வைத்துவிட்டு, பாஸ்புக்கில் இருக்கும் நம்பருக்கு நீங்களே அழையுங்கள்.

ஆப்கள், ஏபிகே ஃபைல்கள்

'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் ஃபைன்', 'பிஎம் கிசான்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்கள் (தொட்டால் போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்கள்) எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கி ஓடிபியை வெளியே அனுப்புபவை. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்தாலும் தொடாதீர்கள், அவர் போனும் ஏற்கெனவே இதில் சிக்கியிருக்கும். செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' வரை போய் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். அதன்பிறகு தவறித் தொட்டாலும் போன் தடுக்கும்.

அவசரக் கடன் ஆப்கள் இன்னொரு வகை. கான்டாக்ட்டையும் கேலரியையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் சொந்தக்காரர்களுக்கெல்லாம் படத்தைத் திரித்து அனுப்பி மிரட்டுவார்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி கடன் ஆப்கள் கான்டாக்ட், கால் பட்டியல், ஃபைல்களைத் தொடவே கூடாது. கேட்டால் அது முறையான ஆப் இல்லை.

மற்ற ஆப்களுக்கு பெர்மிஷன் மேனேஜரில் லொகேஷன், மைக், கான்டாக்ட், எஸ்எம்எஸ் நான்கை மட்டும் பாருங்கள். எஸ்எம்எஸ் அனுமதி பேங்க், யுபிஐ ஆப்களுக்கும் மெசேஜ் ஆப்புக்கும் போதும். டார்ச், காலண்டர், ஜோசிய ஆப்புக்கு வேண்டாம். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப்பில் உங்கள் பெயர் வேறொருவர் கான்டாக்ட்டிலிருந்து போயிருக்கும். அவர்கள் தளத்தில் அன்லிஸ்ட் பக்கத்தில் நம்பரைப் போட்டு எடுத்துவிடலாம், கணக்கு வைத்திருந்தால் முதலில் அதை டீஆக்டிவேட் செய்ய வேண்டும்.

தோட்டத்து வீடும் ஸ்டேட்டஸும்

ஊரைவிட்டுத் தள்ளி, பக்கத்து வீடு அரை கிலோமீட்டரில் இருக்கும் தோட்டத்துச் சாளையில் பெரியவர்கள் மட்டும் இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. குடும்பத்தோடு பழனி போகிறோம், துபாய் போகிறோம் என்று போகும்போதே ஸ்டேட்டஸ் போடுவது, வீட்டில் யாரும் இல்லை அல்லது பெரியவர்கள் தனியே இருக்கிறார்கள் என்று அறிவிப்பது. வந்த பிறகு போடுங்கள். கேமரா ஆப்பில் லொகேஷன் டேக்கை ஆஃப் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். தோட்டம் விற்பனைக்கு என்று போட்டோ அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாதுகாப்புக்கென்று மாட்டிய கேமராவே வீட்டைக் காட்டிக் கொடுப்பதும் உண்டு. மாட்டிக் கொடுத்தவர் வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். அவர் போனிலும் உங்கள் கேமரா சேர்ந்திருக்கிறதா என்று ஆப்பின் ஷேர் பட்டியலில் பார்த்து நீக்குங்கள். கேமரா பதிவுப் பெட்டியான டிவிஆரில், வெளி இணையத்துக்குத் தானாக வழி திறக்கும் யுபிஎன்பி வசதியை ஆஃப் செய்யுங்கள். படுக்கையறை, குளியலறை வாசல் பக்கம் கேமரா வேண்டாம்.

போன் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு போட்டால் கடைக்காரருக்குப் போட்டோவும் மெசேஜும் தெரியாது. மற்ற போன்களில் சிம், மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, ஸ்கிரீன் லாக் சொல்லாமல் முடியும் வேலையா என்று கேளுங்கள். விற்கும்போது வரிசை இது: பேக்கப், கூகுள் கணக்கை நீக்குதல், பிறகு ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு கேட்டுத் திரும்ப வர நேரலாம்.

ஆள் வைத்துத் தொழில் நடத்துபவர்களுக்கு

பனியன் கம்பெனி, விசைத்தறிக் கூடம், பம்ப் பட்டறை, கோழிப்பண்ணை எதுவானாலும் வேலையாட்களின் ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களின் நகல்கள் கான்ட்ராக்டர், சூப்பர்வைசர், ஹாஸ்டல் வார்டன் என்று நான்கு போனில் இருக்கும். அவற்றை வைத்து யாராவது அவர்கள் பெயரில் சிம் எடுத்தால் வழக்கு அவர்களுக்கு வரும், மொழி தெரியாத ஊரில் அவர்களால் ஸ்டேஷன் ஏறி விளக்கம் சொல்ல முடியாது. நகல்கள் ஒரே பூட்டிய பீரோவில், ஒரே கணினியில் இருக்கட்டும். சூப்பர்வைசர் குரூப்பில் ஆதார் போடுவதை நிறுத்துங்கள். ஆள் நின்ற பிறகு சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடு தவிர மற்றதை அழியுங்கள். 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. கணினியில் வைத்திருக்கும் இந்த விவரங்களுக்கு அந்தச் சட்டத்தின் பொறுப்பும் படிப்படியாக வந்து சேரும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஒன்று. சப்ளையர் பெயரில் 'பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், மெயிலிலேயே பதில் கேட்காதீர்கள். பழைய நம்பருக்குப் போன் செய்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

வெளியே போய்விட்டால்

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. கணக்கு எண், எவ்வளவு தொகை, எந்த நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறிக்கொண்டே இருக்கும், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்குவதுதான் அவர்கள் வேலை. அதனால்தான் 'நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்' என்பது ஆகாது. அடுத்து பேங்குக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தப்பு பேங்கிலும் இல்லாமல் உங்களிடமும் இல்லாமல் நடந்த மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் சொல்லும் நேரம் வரை போனது உங்களுடையது, அதன்பின் போவது பேங்கின் பொறுப்பு. ஒவ்வொரு நிமிடமும் இங்கே கணக்கில் சேர்கிறது.

ஏபிகே இறங்கிவிட்டது என்றால் ஃப்ளைட் மோடு போட்டுவிட்டு இன்னொரு போனிலிருந்து பேங்கை அழையுங்கள். பிறகு செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின், ஆக்சஸிபிலிட்டி இரண்டிலும் அந்த ஆப்பை நீக்கி அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஆகவில்லை என்றால் ரீசெட்.

போன் தொலைந்தால் சிம்மை முடக்கி, சஞ்சார் சாத்தியில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை பிளாக் செய்யுங்கள். அந்த எண் *#06# டயல் செய்தால் வரும். போன் தொலைந்த பின் டயல் செய்து பார்க்க முடியாது என்பதால் இன்றே எழுதி பீரோவில், அந்த பேக்கப் கோடு பேப்பரோடு வையுங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட், நம்பர், லிங்க் எல்லாம் சேமியுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஸ்டாப்என்சிஐஐ தளத்தில் படத்தை அனுப்பாமலேயே அதன் டிஜிட்டல் ரேகையை (படத்திலிருந்து கணக்கிடும் குறியீட்டை) மட்டும் கொடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏறாமல் தடுக்கலாம். 18 வயதுக்குள் எடுத்த படம் என்றால் இதே வேலையைச் செய்யும் டேக் இட் டவுன் தளம். தேசிய சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். வீட்டில் பெண் பிள்ளை இதைச் சொல்ல வரும்போது 'ஏன் அனுப்பின' என்ற கேள்வியை முதலில் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த மிரட்டலை உங்களிடம் சொல்ல மாட்டாள்.

ஆதார், பான் நகல் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் இன்னும் போகவில்லை என்றால் அடுத்த சில மாதம் கவனிக்க வேண்டியது கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுவதும் கண்காணித்த மாதிரி ஆகும். நீங்கள் வாங்காத கடன் இருந்தால் அந்த நிறுவனத்திலேயே டிஸ்ப்யூட் பதிந்து, கடன் கொடுத்தவருக்கும் எழுதுங்கள். மாவட்டத்து சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வாங்கிய ரசீதின் நகலை இரண்டு கடிதத்தோடும் இணையுங்கள்.